சூரணத்தின் பாய்வுத்திறன்: மருந்துப்பொடிகளின் ஓட்டத்தை அளக்கும் முறைகளும் நாஞ்சில் நாட்டுச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

சித்த மருத்துவத்தின் பொடி மருந்தாகிய சூரணம் இன்று மாத்திரையாகவும் கேப்சூலாகவும் வடிவம் மாறி வருகிறது. கையால் அள்ளி உண்ணப்பட்ட பொடி, எந்திரத்தின் குழிக்குள் தானாகவே ஓடி நிரம்ப வேண்டிய நிலை உருவாகியுள்ளது. பொடி சீராக ஓடாவிடில் நோயாளிக்குக் கிடைக்கும் மருந்தின் அளவும் சீராக இராது. பொடியின் ஓட்டத்தை அளக்கும் நான்கு முறைகளை விளக்கும் இக்கட்டுரை, அவை எவற்றைக் காட்டுகின்றன, எவற்றைக் காட்டத் தவறுகின்றன என்பதை ஆராய்கிறது. இரு பருவமழைகளையும் பெறும் கன்னியாகுமரி மாவட்டத்தில், அளவீட்டின்போது நிலவிய ஈரப்பதத்தையும் பொடியின் நிலையையும் குறிக்காத பாய்வளவு எண் பயனற்றது என்பது இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: சூரணம், பாய்வுத்திறன், சறுக்குக்கோணம், தட்டு அடர்த்தி, ஈரப்பதம், நாஞ்சில் நாடு.

முன்னுரை

சித்த மருத்துவம் அகமருந்துகளை முப்பத்திரண்டாக வகுக்கிறது. அவற்றுள் ஒன்றான சூரணம், சரக்குகளை உலர்த்தி இடித்துச் சலித்துப் பெறும் பொடியாகும். இடித்த பொடியைத் துணியில் இட்டுச் சலிக்கும் வஸ்திரகாயம் என்னும் முறை, நுண்மையே சூரணத்தின் தரம் என்ற மரபின் எண்ணத்தைக் காட்டுகிறது. திரிகடி, வெருகடி என விரல்நுனியால் அள்ளும் அளவுகளே சூரணத்துக்குரிய அளவுகளாக வழங்கி வந்தன. தேன், நெய், வெந்நீர் ஆகியவற்றுள் ஒன்றில் குழைத்து உண்ணப்பட்டதால், பொடி தானாக ஓடவேண்டிய தேவை அங்கு எழவில்லை.

கன்னியாகுமரி மாவட்டம் மருத்துவ மரபு வேரூன்றிய நிலமாகும். மருந்துவாழ்மலையின் பெயரே அதற்குச் சான்றாக நிற்கிறது. முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியும், கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியும் இயங்குகின்றன. மேற்கு மலைச்சரிவுகளில் மிளகும் கிராம்பும் விளைகின்றன. இத்தகைய நிலத்தில் சூரணத்தை எந்திரத்தில் இட்டு மாத்திரையாக்க முனைவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர், மரபு போற்றிய நுண்மையே ஓட்டத்துக்குத் தடையாக நிற்பதாகும். இம்முரணை விளங்கிக்கொள்ளவும் தீர்க்கவும் பாய்வளவீடு உதவுகிறது.

கன அளவும் எடையும்

மருந்தின் அளவு எடையால் கூறப்படுகிறது. ஆனால் எந்திரம் எடை பார்ப்பதில்லை. மாத்திரை எந்திரத்தின் அச்சுக்குழியும் கேப்சூலின் கூடும் குறிப்பிட்ட கன அளவையே கொள்கின்றன. அவ்வகையில் அவை வெருகடியின் வழித்தோன்றல்களே. ஒரே கன அளவுக்குள் எவ்வளவு எடை அடங்கும் என்பது பொடி எவ்வாறு சென்று அமர்கிறது என்பதைப் பொறுத்தது.

நெல் விளையும் நாஞ்சில் நாட்டுக்கு இது புதிய செய்தியன்று. நாழியில் தளர்வாகச் சொரிந்து தலைதட்டிய அரிசியும், குலுக்கி நிரப்பிய அரிசியும் எடையில் ஒன்றாக இரா என்பதைக் கொடுப்போரும் கொள்வோரும் அறிவர். அரிசியில் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு நுண்பொடியில் பெரிதாகிறது.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். 100 கிராம் சூரணம் அளவுகுழாயில் தளர்வாக 240 மில்லிலிட்டரும், பலமுறை தட்டியபின் 160 மில்லிலிட்டரும் இடம்பிடிப்பதாகக் கொள்க. தளர் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 0.42 கிராம், தட்டு அடர்த்தி 0.63 கிராம். '0' எண் கேப்சூலின் கொள்ளளவு ஏறத்தாழ 0.68 மில்லிலிட்டர். அதில் இப்பொடி தளர்வாக விழுந்தால் 283 மில்லிகிராம் அடங்கும். இறுகி அமர்ந்தால் 425 மில்லிகிராம் அடங்கும். இரண்டும் எல்லை நிலைகளே. உண்மையான நிரப்பு இவற்றுக்கு இடையில் எங்கேனும் அமையும். ஆயினும் ஒரே தொகுதியில் ஒரு கேப்சூலுக்கும் மற்றொன்றுக்கும் இடையே எவ்வளவு பெரிய வேறுபாடு நேரக்கூடும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

இந்தியன் பார்மகோபியா என்னும் மருந்துத் தரநூல், 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் நிரப்பு எடையுள்ள கேப்சூல்களுக்கு 7.5 விழுக்காடும், அதற்குக் குறைந்தவற்றுக்கு 10 விழுக்காடும் எடை வேறுபாட்டு எல்லையாக வகுத்துள்ளது. 250 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடையுள்ள உறையிடாத மாத்திரைகளுக்கு இவ்வெல்லை 5 விழுக்காடாகும். இருபது மாத்திரைகளை நிறுத்துச் சராசரியுடன் ஒப்பிடும்போது இரண்டுக்கு மேல் இவ்வெல்லையைத் தாண்டலாகாது. ஒன்றுகூட எல்லையின் இருமடங்கைத் தாண்டலாகாது. பெரிய சுழல் எந்திரங்களில் குழி நிரம்பக் கிடைக்கும் நேரம் நொடியின் ஒரு சிறு பகுதியே. சிற்றாலைகளில் பயன்படும் கைக் கேப்சூல் நிரப்பியில் பலகையின் துளைகளுக்குள் பொடியைப் பரப்பித் தட்டுபவரின் கைத்திறமே அளவைத் தீர்மானிக்கிறது. இரண்டிடத்திலும் பொடி ஒத்துழைக்காவிடில் மேற்கண்ட எல்லைக்குள் நிற்பது அரிதாகும்.

நுண்மை ஏன் ஓட்டத்தைத் தடுக்கிறது

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணல் இவ்வினாவுக்கு விடை தரும். இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், மோனசைட் ஆகிய கனிமங்கள் அம்மணலில் கலந்துள்ளன. நன்கு உலர்ந்த கருமணலைக் கையில் அள்ளினால் விரலிடுக்கு வழியே நீர்போல் வழிந்துவிடும். அதிலுள்ள இல்மனைட்டே டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்ணிறப் பொடிக்கு மூலப்பொருள். மாத்திரைகளின் மேலுறைக்கு வெண்மையூட்டப் பயன்படும் அப்பொடியோ கட்டிகட்டியாகத் திரண்டு, புனலில் இட்டால் இறங்க மறுக்கும். ஓட்டத்தில் காணும் இவ்வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம் துகளின் அளவாகும்.

துகளைக் கீழே இழுப்பது அதன் எடை. பக்கத்துத் துகளோடு ஒட்டவைப்பது வாண்டர் வால்ஸ் விசை. துகளின் விட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் எடை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைகிறது. ஒட்டுவிசையோ பத்தில் ஒன்றாக மட்டுமே குறைகிறது. ஆகவே எடையோடு ஒப்பிட ஒட்டுவிசை நூறு மடங்கு வலுப்பெறுகிறது. மணல்மணி 200 மைக்ரான் எனவும் வெண்ணிறப் பொடியின் துகள் 0.2 மைக்ரான் எனவும் கொண்டால், ஒட்டுவிசையின் ஒப்பு வலிமை பத்து இலட்சம் மடங்கு பெருகுகிறது.

சூரணம் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. நுண்பொடிக்கு இந்தியத் தரநூல்கள் கூறும் 85ஆம் எண் சல்லடையின் கண் 180 மைக்ரான் அகலமுடையது. அதன் வழியே இறங்கிய பொடியில் 180 மைக்ரான் துகளும் இருக்கும். அதனினும் பன்மடங்கு சிறிய துகளும் இருக்கும். துணியில் சலிக்குந்தோறும் சிறியவற்றின் பங்கு கூடுகிறது. ஒட்டும் தன்மையும் உடன் வளர்கிறது.

அளவோடு வடிவமும் சேர்ந்து செயல்படுகிறது. மணல்மணி ஓரளவு உருண்டையானது. வேர், பட்டை, தண்டு ஆகியவற்றின் பொடியோ நார்த்துணுக்குகளை உடையது. நிலவேம்புக் குடிநீர்ச் சூரணம் கொதிக்கவைத்துப் பருகுவதற்குரிய பருபொடியாகும். பருபொடியாயினும் அதிலுள்ள நார்கள் ஒன்றோடொன்று பின்னிப் புனல்வாயில் பாலம்போல் கட்டிக்கொள்ளக்கூடும். இனிக் கிராம்பு போன்ற எண்ணெய்ச் சரக்கு சேர்ந்த பொடியில் கசியும் எண்ணெயே துகள்களைப் பிணைக்கிறது. ஈரம் சேரும்போது துகள்களுக்கிடையே நுண்ணிய நீர்ப்பாலங்கள் தோன்றி அவற்றை மேலும் இறுக்குகின்றன.

நான்கு அளவைகள்

அமெரிக்க மருந்துத் தரநூலின் 1174ஆம் இயல் பொடியின் ஓட்டத்தை அளக்க நான்கு முறைகளை எடுத்துரைக்கிறது. சறுக்குக்கோணம், அமுக்கக் குறியெண், துளைவழி ஓட்டவீதம், சறுக்குப்பெயர்ச்சிக் கலம் என்பன அவை.

முதலாவது சறுக்குக்கோணம். புனல் வழியே பொடியை வட்டத் தட்டின்மேல் சொரிந்தால் கூம்பு உருவாகும். கூம்பின் சரிவு தரையோடு அமைக்கும் கோணமே சறுக்குக்கோணம். தட்டின் விட்டம் 10 செ.மீ., கூம்பின் உயரம் 5 செ.மீ. எனில் கோணம் 45 பாகையாகும். 25 முதல் 30 பாகை வரை மிகச் சிறந்த ஓட்டம். 31 முதல் 35 வரை நல்ல ஓட்டம். 36 முதல் 40 வரை போதுமான ஓட்டம். 41 முதல் 45 வரை ஏற்கத்தக்கதாயினும் இடையில் சிக்கக்கூடியது. 46க்கு மேல் தட்டியோ அதிரவைத்தோ இறக்கவேண்டியது என அந்நூல் வகுக்கிறது. வீட்டுத் திண்ணையோரப் புழுதியில் குழியானை தோண்டும் குழியின் சரிவும் இக்கோணத்தை ஒட்டியதே. அதனால்தான் விளிம்பில் கால்வைத்த எறும்பு நிலைகொள்ளாமல் சரிகிறது. மழை நனைத்த மண்ணில் குழியானை குழி அமைப்பதில்லை. ஈரமண் சரிவதில்லை என்பதே காரணம்.

இரண்டாவது அமுக்கக் குறியெண். நாழியைக் குலுக்கி அளப்பதன் அறிவியல் வடிவம் இதுவாகும். 250 மில்லிலிட்டர் அளவுகுழாயில் 100 கிராம் பொடியை இட்டுத் தளர்ந்த கன அளவைக் குறித்து, பின்னர் 10, 500, 1250 தட்டுகளுக்குப்பின் கன அளவைக் குறிக்கவேண்டும். குறைந்த கன அளவைத் தளர்ந்த கன அளவால் வகுத்து நூறால் பெருக்கினால் கார் குறியெண் கிடைக்கும். தட்டு அடர்த்தியைத் தளர் அடர்த்தியால் வகுத்தால் ஹவுஸ்னர் விகிதம் கிடைக்கும். கார் தம் வகைப்பாட்டை 1965இல் வெளியிட்டார். ஹவுஸ்னரின் கட்டுரை 1967இல் வந்தது. கார் குறியெண் 10 வரை மிகச் சிறந்த ஓட்டத்தையும், 16 முதல் 20 வரை போதுமான ஓட்டத்தையும், 26 முதல் 31 வரை மோசமான ஓட்டத்தையும் குறிக்கும். மேலே கொண்ட எடுத்துக்காட்டுச் சூரணத்தின் குறியெண் 33. ஹவுஸ்னர் விகிதம் 1.5. இது மிக மோசமான ஓட்டத்தைக் காட்டும் வகையில் அடங்கும்.

மூன்றாவது துளைவழி ஓட்டவீதம். அடியில் துளையுள்ள கலத்திலிருந்து நொடிக்கு எத்தனை கிராம் இறங்குகிறது என அளப்பது இம்முறை. நீர்த்தொட்டியில் நீர்மட்டம் தாழத்தாழ ஓட்டம் குறையும். நெற்குதிரின் அடித்துளையிலோ மேலே எவ்வளவு நெல் இருப்பினும் ஏறத்தாழ ஒரே வீதத்தில்தான் நெல் இறங்கும். மேலுள்ள சுமையின் பெரும்பகுதியைச் சுவரின் உராய்வு தாங்கிக்கொள்வதை 1895இல் யான்சென் எடுத்துக்காட்டினார். துளைவழி ஓட்டவீதம் துளையின் விட்டத்தைப் பொறுத்து ஏறத்தாழ 2.5 அடுக்கில் வளர்வதை 1961இல் பெவர்லூவும் உடனாய்வாளர்களும் வகுத்தனர். எளிமையும் நேரடித்தன்மையும் உடையதாயினும், இம்முறை தானாக ஓடும் பொடிக்கே பொருந்தும். ஒட்டும் சூரணம் துளையில் பாலம் கட்டி நின்றுவிட்டால் அளப்பதற்கு ஏதும் இராது.

நான்காவது சறுக்குப்பெயர்ச்சிக் கலம். யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஜெனிக்கி வகுத்து 1964இல் விரிவாக வெளியிட்ட முறை இது. பொடியைக் குறிப்பிட்ட சுமையால் இறுக்கி, அதன் ஒரு படலம் மற்றொன்றின்மேல் நழுவ எவ்வளவு விசை வேண்டும் என அளப்பர். புட்டுக்குழலை நினைத்தால் இதன் உட்பொருள் எளிதில் புலப்படும். குழலிலிருந்து தள்ளப்பட்ட புட்டு, சுவரின் துணையின்றி உருளையாகவே நிற்கிறது. மேலிருந்து அழுத்தினால் ஓரளவு தாங்கிப் பின்னரே உடைகிறது. அவ்வாறு தாங்கும் வலிமைக்கும் முன்னர் இறுக்கிய அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பே அளக்கப்படுகிறது. இறுக்கிய அழுத்தத்தை அவ்வலிமையால் வகுத்துப் பெறும் எண் 10க்கு மேல் எனில் பொடி தடையின்றி ஓடும். 4 முதல் 10 வரை எளிதாக ஓடும். 2 முதல் 4 வரை ஒட்டும் தன்மையது. 1 முதல் 2 வரை மிகுதியாக ஒட்டுவது. 1க்குக் கீழ் ஓடாதது. கலனில் நாள்கணக்கில் தன் சுமையாலேயே இறுகிக் கிடந்த பொடி வாயைத் திறந்ததும் இறங்குமா என்ற வினாவுக்கு இம்முறையே தக்க விடை தரும். இதற்குரிய கருவி விலை மிக்கது என்பது இதன் வரம்பாகும்.

ஒற்றை எண்ணின் போதாமை

இந்நான்கும் ஒன்றையே அளப்பனவல்ல. சறுக்குக்கோணம் தளர்வாகச் சொரிந்த பொடியைப் பற்றிப் பேசுகிறது. சறுக்குப்பெயர்ச்சிக் கலம் இறுகிய பொடியைப் பற்றிப் பேசுகிறது. சொரியும்போது நன்றாக ஓடும் பொடி, கலனில் ஓரிரவு கிடந்தபின் மறுக்கலாம். ஒட்டும் பொடியின் கூம்பு சீராக அமைவதுமில்லை. உச்சி உடைந்தும் ஒருபக்கம் சரிந்தும் நிற்கும் குவியலில் எங்கு கோணத்தை அளப்பது என்பதே ஐயமாகும். எனவே, ‘இப்பொடியின் பாய்வுத்திறன் எவ்வளவு’ என்பதினும், ‘இந்த எந்திரத்தில் இந்நிலையில் இப்பொடி எவ்வாறு ஓடும்’ என்பதே பொருத்தமான வினாவாகும்.

மிக எளிதாக ஓடுவதும் எப்போதும் நன்மையன்று. முறத்தில் இட்டுக் கொழிக்கும்போது பெரியதும் சிறியதும் பிரிவதைப் போலவே, எளிதாக ஓடும் கலவை அதிர்வில் பிரிந்துவிடும். சிறு துகள்கள் இடுக்குகள் வழியே கீழிறங்க, பெரியவை மேலேறும். சித்த மருத்துவத்தில் பற்பம், செந்தூரம் ஆகியவை மிகச் சிறிய அளவில் சூரணத்தோடு கூட்டித் தரப்படுகின்றன. கனத்த கனிமத்துகளும் எடைகுறைந்த மூலிகைத்துகளும் கொண்ட இத்தகைய கலவை எந்திரத்தின் அதிர்வில் பிரிந்தால், ஒரு கேப்சூலில் செந்தூரம் குறைந்தும் மற்றொன்றில் மிகுந்தும் அமையும். எடை வேறுபாட்டுச் சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது. இரு கேப்சூல்களும் எடையில் ஒத்திருக்கக்கூடும். ஓட்டத்தைத் தடுக்கும் ஒட்டுத்தன்மையே இங்குக் கலவையைக் காத்து நிற்கிறது. அதை அறவே நீக்குதல் கூடாது. தேவையான அளவுக்குள் நிறுத்துதல் வேண்டும்.

நாஞ்சில் நாட்டின் ஈரமும் அளவீடும்

கன்னியாகுமரி மாவட்டம் சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையையும் பெறுகிறது. மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகள் மழை மிக்கவை. கிழக்கே தோவாளை, அகத்தீசுவரம் பகுதிகள் ஒப்பீட்டளவில் வறண்டவை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றில் உலர்ந்த பொடியும், ஆனி மாதத்தில் குழித்துறையில் திறந்துவைத்த பொடியும் ஒரே சரக்கிலிருந்து வந்திருப்பினும் ஓட்டத்தில் ஒன்றாக இரா. மார்ச்சில் 38 பாகை காட்டிய சூரணம் சூலையில் 46 பாகை காட்டினால், அதற்குச் சரக்கு காரணமா, அரைப்பு காரணமா, காற்றின் ஈரம் காரணமா என்பதை அவ்வெண்ணைக் கொண்டு மட்டும் கூற இயலாது.

ஆகவே ஒவ்வோர் அளவீட்டோடும் சில செய்திகள் இணைந்து பதிவாகவேண்டும். அறையின் ஒப்பு ஈரப்பதம், வெப்பநிலை, 105 பாகை செல்சியசில் உலர்த்தி அறிந்த பொடியின் ஈர அளவு, சலித்த சல்லடையின் எண், அரைத்த நாள், பொடி எவ்வளவு நேரம் எவ்வகைக் கலனில் கிடந்தது என்பன அவை. ஒரே பொடியை மூன்று முறையேனும் அளந்து, சராசரியோடு எண்களின் விலகலையும் எழுதுதல் வேண்டும். புனலின் உயரமும் தட்டின் விட்டமும் என்றும் மாறாதிருத்தல் வேண்டும்.

இதற்கு வேண்டிய கருவிகள் அரியனவல்ல. தராசு, அளவுகுழாய், புனல், சல்லடைத் தொகுதி, ஈரமானி, நிறுத்துக் கடிகாரம் ஆகியவை சிற்றாலைக்கும் எட்டக்கூடியன. 1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டத்தின்கீழ் 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ‘டி’ அட்டவணை, ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளின் நல்லுற்பத்தி நெறிகளை வகுத்து, உற்பத்திப் பதிவேடுகளையும் கட்டாயமாக்கியது. அப்பதிவேட்டில் பாய்வளவுக்கும் ஈரத்துக்கும் இரு பத்திகள் சேர்ந்தாலே, ஈராண்டில் ஒவ்வோர் ஆலையும் தன் சூரணத்தின் பருவகால இயல்பை அறிந்துவிடும். பொது அட்டவணையின் எண்களினும் ஆலையின் சொந்தப் பதிவேடு அதற்குப் பயன்மிக்க வழிகாட்டியாகும்.

திருத்தும் வழிகளும் அவற்றின் விலையும்

ஓட்டம் குறைந்த பொடிக்கு மூன்று வழிகள் உண்டு. கூழ்மச் சிலிக்கா, டால்க் போன்றவற்றைச் சிறிதளவு சேர்த்தல் ஒன்று. அவை துகள்களுக்கிடையே அமர்ந்து அவற்றை விலக்கி வைக்கின்றன. பிணைப்பான் கரைசலில் பிசைந்து, சல்லடையில் தேய்த்து உலர்த்திக் குருணையாக்குதல் மற்றொன்று; நுண்துகள்கள் சேர்ந்து பெரிய மணிகளாவதால் ஓட்டம் கைகூடுகிறது, பிரிவும் குறைகிறது. அறையின் ஈரத்தைக் கட்டுப்படுத்துதல் மூன்றாவது.

ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. முதலாவது, மூலநூல் கூறாத பொருளை மருந்தில் சேர்க்கிறது. இரண்டாவது, சூரணத்தை மீண்டும் நனைத்துச் சூடேற்றுகிறது. கிராம்பு, சுக்கு போன்றவற்றின் ஆவியாகும் எண்ணெய் இதனால் குறையக்கூடும். மூன்றாவது மின்செலவைக் கூட்டுகிறது. சூரணத்தின் ஆயுள் மூன்று மாதம் என்று மரபே வரையறுத்துள்ள நிலையில், பதப்படுத்தலில் சேரும் ஈரம் முற்றாக நீங்காவிடில் ஓட்டத்தோடு மருந்தின் நிலைப்பும் கெடும். எவ்வழி தேவை, எவ்வளவு தேவை என்பதை அளவீடு இன்றி முடிவு செய்தால், தேவைக்கு மிஞ்சித் திருத்திய மருந்தே கிடைக்கும்.

முடிவுரை

சூரணத்தின் நுண்மை உடலுக்கு வேண்டப்படுகிறது. ஓட்டம் எந்திரத்துக்கு வேண்டப்படுகிறது. இரண்டுக்கும் இடையே நிற்கும் எல்லையைக் கண்டறிவதே பாய்வளவீட்டின் பணி. சறுக்குக்கோணமும் அமுக்கக் குறியெண்ணும் சிற்றாலைகளின் அன்றாடக் கண்காணிப்புக்குப் போதுமானவை. கலனில் இறுகும் பொடிக்குச் சறுக்குப்பெயர்ச்சிக் கலம் வேண்டும். கனிம மருந்து கலந்த சூரணத்துக்கு ஓட்டத்தோடு கலவைச் சீர்மையும் தனியே சோதிக்கப்படவேண்டும். நாஞ்சில் நாட்டைப் பொறுத்தவரை, ஈரப்பதமும் நாளும் குறிக்கப்படாத எண் அளவீடாகக் கொள்ளத்தக்கதன்று. கருவி வசதியுள்ள கல்வி நிறுவனங்களும் மாவட்டத்தின் சிறு மருந்தாலைகளும் இணைந்து, திரிகடுகு, திரிபலை, அமுக்கரா முதலிய பெருவழக்குச் சூரணங்களுக்குப் பருவந்தோறும் பாய்வளவுகளைத் தொகுத்தால், நோயாளியின் கைக்கு வரும் ஒவ்வொரு கேப்சூலிலும் மருத்துவர் கருதிய அளவே இருக்கும் என்ற உறுதி வலுப்பெறும்.